வாய்க்கால் படியில் நின்ற ஆயிரங்கண் பானை

இந்தக் கதையில் வருகிற ஒவ்வொரு சொல்லும் உண்மை. வீரபாண்டி கௌமாரியம்மன் மேல் சத்தியம். முல்லையாற்றுத் தண்ணீர் மேல் சத்தியம். தண்ணீர் ஓடிக்கொண்டே இருப்பதால் சத்தியமும் ஓடிப்போய்விடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். நடுவில் ஓரிடத்தில் இரண்டு கொக்குகளை மூன்றாக்கிச் சொன்னால் அழகாக இருக்கும் என்று ஓர் ஆசை வந்தது. அதையும் அடக்கியாயிற்று. இரண்டு கொக்குதான்.

யுவராணிக்குப் பத்து வயது. அவளுடைய ஊர் முல்லையாற்றங்கரையில், வீரபாண்டிக்கு நாலு கிலோமீட்டர் மேலே இருக்கிறது. அங்கிருந்து வீரபாண்டி வரை ஆற்றை ஒட்டியே பேவர் பிளாக் கல் பதித்த பாதை. வலது பக்கம் இடுப்பளவு கைப்பிடிச் சுவர், அதற்கு அப்பால் ஆறு. இடது பக்கம் வாழை, தென்னை, நெல்வயல். மேடு கிடையாது, லாரி கிடையாது, ஹாரன் கிடையாது. சைக்கிளில் ஏறி உட்கார்ந்தால் ஆறும் கூடவே வரும். சில நேரம் நாம் மிதிக்கிறோமா, ஆறு இழுக்கிறதா என்றே தெரியாது.

யுவராணியின் அப்பா ஈஸ்வரபாண்டி, வீரபாண்டியில் ஒரு வாழைக்காய் மண்டியில் வேலை பார்த்தார். மத்தியானம் போனால் இரவெல்லாம் லாரியில் வாழைத்தார் ஏற்றிவிட்டு மறுநாள் காலையில்தான் வருவார். அவர் வீட்டுக்கு வரும்போது யுவராணி பள்ளிக்கூடத்துக்குப் போயிருப்பாள். அவள் வரும்போது அவர் மண்டிக்குப் போயிருப்பார். ஞாயிற்றுக்கிழமை பகலில் அப்பா வீட்டில்தான் இருப்பார். ஆனால் குறட்டை மட்டும்தான் பேசும்.

அதனால் தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு, அம்மா உமாதேவி கட்டிக் கொடுக்கும் தூக்குச்சட்டியை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு யுவராணி கிளம்புவாள். மண்டி வாசலில் உட்கார்ந்து அப்பா சாப்பிடுவார். அன்று பள்ளிக்கூடத்தில் நடந்த அத்தனையையும் அவள் சொல்லுவாள். வாய் நிறையச் சோறு இருப்பதால் அப்பா "உம்" என்பார். ஆமாம் என்பதற்கும் உம். அப்படியா என்பதற்கும் உம். எந்த உம்முக்கு என்ன அர்த்தம் என்று யுவராணிக்குத் தெரியும். பத்து நிமிடத்தில் உள்ளேயிருந்து மேஸ்திரி கூப்பிட்டுவிடுவார்.

ஒரு நாளில் அவளுக்குக் கிடைக்கும் அப்பா அந்தப் பத்து நிமிடம்தான்.

அந்தப் பாதையில்தான் ஒரு திங்கட்கிழமை பானை வந்து நின்றது.

ஆடி மாதம். மேற்கு மலையில் மேகம் தலைகுப்புறப் படுத்திருந்தது. காற்று வாழை இலைகளைக் கிழித்துக்கொண்டிருந்தது. முதல் கிலோமீட்டர் கல்லைத் தாண்டியதும், பாதையின் நட்டநடுவில், ஓர் ஆயிரங்கண் பானை.

ஆயிரங்கண் பானை என்றால் அந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கண்ணில் நோவு வந்தாலும் அம்மை போட்டாலும் கௌமாரியம்மனுக்கு நேர்ந்துகொள்வார்கள். குணமானதும் சித்திரைத் திருவிழாவில், உடம்பெல்லாம் ஓட்டை ஓட்டையாகப் போட்ட மண்பானையைச் சுமந்துபோய்க் கோயிலில் வைப்பார்கள். ஆனால் திருவிழா முடிந்து எத்தனையோ வாரம் ஆகிவிட்டது. இந்தப் பானை இங்கே தனியாக என்ன செய்கிறது?

யுவராணி மெதுவாக உருட்டிக்கொண்டு கிட்டே போனாள். பானைக்குள் விளக்கு எதுவும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு ஓட்டையிலும் மஞ்சளாக ஒரு வெளிச்சம், அரைத்தூக்கத்தில் பூனை பார்ப்பதுபோல. அவள் இடது பக்கமாக ஒதுங்கினாள். வெளிச்சமும் இடது பக்க ஓட்டைகளுக்கு வந்தது. அவள் வலது பக்கம் போனாள். வெளிச்சமும் வலது பக்கம் வந்தது.

அதற்கு மேல் அவள் எந்தப் பக்கமும் போய்ப் பார்க்கவில்லை. நேராக வீரபாண்டிக்குப் போய்விட்டாள்.

திரும்பி வரும்போது பானை அங்கேயேதான் இருந்தது. ஆனால் போகும்போது பானைக்கு வீரபாண்டிப் பக்கம் நின்ற புளியமரம், இப்போது பானைக்கு ஊர்ப் பக்கம் நின்றது. மரம் நடக்கும் வழக்கம் அந்தப் பக்கத்தில் கிடையாது.

செவ்வாய்க்கிழமை பானை ஒன்றரைக் கிலோமீட்டரில் இருந்தது. புதன்கிழமை இரண்டைத் தாண்டிவிட்டது. அதன் பின்னால் பாதைப் புழுதியில் வட்டம் வட்டமாக அச்சு. ஒரு கால்தடம்கூட இல்லை.

ஊர் முழுக்க அதே பேச்சாகிவிட்டது. எட்டாம் வகுப்பு அருண்பாண்டி அதன்மேல் ஒரு கல்லை விட்டெறிந்து பார்த்தான். கல் போன சத்தம் கேட்டது. விழுந்த சத்தம் இன்றுவரை கேட்கவில்லை. பால்காரர் ஓட்டைகளை எண்ணிப் பார்த்தார். முதல் தடவை எண்ணூற்று நாற்பது. இரண்டாம் தடவை எண்ணூற்று நாற்பத்திரண்டு. அந்த அதிகப்படியான இரண்டும் தன்னுடைய கண்கள்தானோ என்று அவருக்குச் சந்தேகம் வந்து, வீட்டுக்கு ஓடிப்போய்க் கண்ணாடியில் பார்த்துக்கொண்டார்.

எல்லோரையும் விடப் பெரிதாகச் சத்தம் போட்டவர் ஒச்சாண்டி. ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடுகிறவர் அவர்தான். பாதைக்குப் போட்டிருந்த இரும்புக் கதவின் சாவியும் அவரிடம்தான் இருந்தது. அணில் வால் மாதிரி மீசை. யுவராணிக்குப் பெரியப்பா முறை. புதன்கிழமை ராத்திரி டீக்கடையில் அவர் சாவியைத் தூக்கிக் காட்டினார்.

"வெள்ளிக்கிழமை பொழுது சாஞ்சதும் கதவைப் பூட்டிருவேன். பொறவு எவனும் அந்தப் பக்கம் போகக் கூடாது."

எப்போது திறப்பீர்கள் என்று ஒருவர் கேட்டார். அது பானையாகப் பார்த்துச் சொல்ல வேண்டியது என்று ஒச்சாண்டி சொல்லிவிட்டார். ஊரே தலையாட்டியது.

வீட்டில் அம்மாவும் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். ரோட்டில் கரும்பு லாரியும் வாழை லாரியும் போகும், அதில் சைக்கிளை விட முடியாது. சனிக்கிழமையிலிருந்து தூக்குச்சட்டியை பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிடலாம், அவர் மண்டி வாசலில் இறக்கிவிடுவார்.

"சோறு நேரத்துக்குப் போயிரும்த்தா" என்றாள் அம்மா. "அப்பாவுக்குச் சூடாவும் இருக்கும்."

சோறு பஸ்ஸில் போய்விடும். பள்ளிக்கூடத்தில் நடந்தது எதில் போகும்?

வியாழக்கிழமை அவள் கிளம்பியபோது பாதையில் ஓர் ஆள் இல்லை. சிமெண்டு பெஞ்சுகள் காலியாக இருந்தன. வயலில் இரண்டு கொக்குகள் ஒற்றைக்காலில் நின்றன. இரண்டும் ஒரே திசையைப் பார்த்தன.

மூன்றாவது கிலோமீட்டரில் ஆற்றிலிருந்து ஒரு வாய்க்கால் பிரியும். அதன் மேல் ஒரு சின்னப் பாலம். பாலத்தில் ஏற மூன்று படி, இறங்க மூன்று படி. கட்டியவர் சைக்கிளுக்குக் கால் உண்டு என்று நினைத்திருக்க வேண்டும். தினமும் யுவராணி இறங்கி, சைக்கிளைத் தூக்கித்தான் அந்தப் பக்கம் வைப்பாள்.

முதல் படிக்குக் கீழே பானை நின்றது.

அப்போது காற்று நின்றது. ஆடியில் காற்று நின்று யாரும் பார்த்ததில்லை. வாழை இலை ஒன்று பாதி ஆடியபடியே அப்படியே இருந்தது. ஆறு ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் சத்தமில்லாமல் ஓடியது.

யுவராணிக்குப் பயமாக இருந்தது. சைக்கிளைத் திருப்பிவிடலாமா என்று முகத்தை அந்தப் பக்கம் திருப்பினாள்.

டொக்.

சட்டென்று திரும்பிப் பார்த்தாள். பானை அசையாமல் நின்றது. மறுபடி முகத்தைத் திருப்பினாள்.

டொக். டொக்.

இந்தத் தடவை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டாள். பானை முதல் படியில் போய் முட்டுகிறது. பின்னால் சாய்ந்து தள்ளாடி நிற்கிறது. மறுபடியும் முட்டுகிறது. முட்டி முட்டி அதன் விளிம்பில் ஒரு சில்லுகூடப் பெயர்ந்திருந்தது.

பயம் இருந்த இடத்தில் இப்போது வேறு ஒன்று வந்தது. நடை பழகும் குழந்தை வாசற்படியில் நிற்பதைப் பார்த்தால் வருமே, அது.

"ஏற முடியலையா?" என்று கேட்டாள்.

எல்லாக் கண்ணும் அவள் பக்கம் திரும்பின. பானையின் அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"உம்."

வேறு யாராக இருந்தாலும் ஓடியிருப்பார்கள். ஆனால் யுவராணி உம் என்பவர்களோடு பேசிப் பழகியவள். அது ஆமாம் என்கிற உம் என்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது.

"எங்கன போற? வீரபாண்டிக் கோயிலுக்கா?"

"உம்."

"ஒன்னைய நேந்தவுக யாரு? அவுக வரலையா?"

பானையின் கண்கள் ஒருமுறை மங்கிவிட்டு வந்தன.

படி மேலே வைத்துவிட்டால் போகிறது என்று யுவராணி குனிந்து பானையைத் தூக்கினாள். வெறும் பானை. ஆனால் ஆற்று மணலை ஈரத்தோடு அடைத்து வைத்ததுபோலக் கனத்தது. அங்குலம்கூட நகரவில்லை. அவள் மூச்சு வாங்க நின்றாள். கோயிலில் அவள் பார்த்திருக்கிறாள். நேர்ந்துகொண்டவர்கள்தான் சுமப்பார்கள், அடுத்தவர் கையில் கொடுக்கவே மாட்டார்கள். அப்படியென்றால் இதுவும் அவர் வந்தால்தான் கிளம்பும்.

யார் அந்த அவர்?

யுவராணி பானைக்குள் எட்டிப் பார்த்தாள். உள்சுவரில் கொஞ்சம் நொய்யரிசி அப்பியிருந்தது. ஒரு ஓட்டையில் பஞ்சு மாதிரி சின்ன இறகு ஒட்டியிருந்தது. கன்னங்கரேல் என்றிருந்தது. அதை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாள்.

"நாளைக்குக் கூட்டிட்டு வாரேன். அதுவரைக்கும் முட்டாம இரு. ஒடஞ்சிருவ" என்றாள்.

"உம்" என்றது பானை. சரி என்கிற உம்.

அன்று மண்டி வாசலில் அவள் கணக்கு டீச்சர் பதினொரு தடவை தும்மியதை மட்டும் சொன்னாள். பானையைப் பற்றிச் சொன்னால் அப்பாவும் பஸ்தான் நல்லது என்றுவிடுவாரோ என்று பயம்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் நேராக ஒச்சாண்டி வீட்டுக்குப் போனாள். ஊரில் கருங்கோழி வளர்ப்பவர் அவர் ஒருவர்தான். இறகு கறுப்பு, கால் கறுப்பு, கொண்டை கறுப்பு. எலும்பும் கறுப்பு என்று அவர் சொல்லாத நாளே இல்லை. முற்றத்தில் ஒரு புத்தம்புதிய மூங்கில் கூடையைக் கவிழ்த்து, அதற்குள் குஞ்சுகளை விட்டிருந்தார்.

"பெரியப்பா, இதுகளை முன்னாடி எதைப் போட்டு மூடி வச்சிருந்தீக?"

ஒச்சாண்டியின் மீசை ஒரு பக்கம் மட்டும் இறங்கியது. "எதுக்குக் கேக்குற?"

யுவராணி கையை விரித்து இறகைக் காட்டினாள்.

"காக்கா இறகா இருக்கும்."

"காக்கா நொய்யரிசியைப் பானைக்குள்ள வச்சுத் திங்குமா, பெரியப்பா?"

அவர் தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். பிறகு கூடைக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, குஞ்சுகளுக்குக்கூடக் கேட்காத குரலில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

பங்குனியில் அவருக்கு இரண்டு கண்ணும் மிளகாய்ப் பழமாகச் சிவந்து போயின. ஆயிரங்கண் பானை வைக்கிறேன் தாயே என்று நேர்ந்துகொண்டார். நாலே நாளில் கண் சரியாகிவிட்டது. நல்ல பானையாகப் பார்த்து வாங்கியும் வைத்துவிட்டார். திருவிழா அன்றைக்கு ஊர்த் தண்ணீர் மோட்டார் எரிந்துபோனது. மறுநாள் அதற்குக் காயில் சுற்றினார்கள். அதற்கு மறுநாள் கோழி குஞ்சு பொரித்தது.

"ஓட்டை ஓட்டையா இருந்துச்சா. குஞ்சுகளுக்குக் காத்து வருமேன்னு கவுத்து வச்சேன்த்தா. கோயிலுக்கு அடுத்த வருசம் பாத்துக்கலாம்னு நெனச்சேன். அது எந்திரிச்சு நடக்கும்னு யாரு கண்டா?"

"அதான் கதவைப் பூட்டுறீகளா?"

"அதுக்கு என் வீட்டுக்குத் திரும்பி வர வழி தெரிஞ்சிரக் கூடாதுல்ல."

"அது ஒங்களைத் தேடல பெரியப்பா. கோயிலுக்குப் போகுது. படியில ஏற முடியாம நிக்குது, அம்புட்டுத்தான். நீங்க வந்து தூக்கினாப் போயிரும்."

ஒச்சாண்டி இரண்டு கையாலும் மீசையைப் பிடித்துக்கொண்டார். தன்னால் அங்கன வர முடியாது என்றார். தன் கால் வராது என்றார்.

"ஒங்க கால் வர வேண்டாம். என் சைக்கிள் வரும். பின்னாடி ஒக்காந்து கண்ணை மூடிக்கங்க. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

ஒச்சாண்டியின் எடை எண்பத்தெட்டு கிலோ. பின் டயர் அதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டது. ஹேண்டில்பாரில் தூக்குச்சட்டி, பின்னால் பெரியப்பா. மூன்றாவது கிலோமீட்டர் வரை யுவராணி நின்றபடியே மிதித்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, வந்துவிட்டதா வந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

பாலத்தடியில் பானை முட்டாமல் காத்திருந்தது.

ஒச்சாண்டியின் கையைப் பிடித்து யுவராணி பானையின் மேல் வைத்தாள். "தப்புத்தான், தாயே" என்றார்.

தூக்கினார். நேற்று மணல்மூட்டையாகக் கனத்த பானை, இன்று அப்பளம்போல எழும்பி வந்தது.

யுவராணி சைக்கிளைப் படிகளைத் தாண்டி வைத்தாள். ஒச்சாண்டி பானையை மடியில் வைத்து இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். சைக்கிள் கிளம்பியது.

அந்தக் கடைசி ஒரு கிலோமீட்டரை யுவராணி எப்போதும் மறக்கப் போவதில்லை. பானையின் கண்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் திறந்தன. தென்னை மரங்களின் மேல் வெளிச்சப் பொட்டுகள் ஓடின. ஆற்றுத் தண்ணீரின் மேல் ஓடின. அவை ஒவ்வொன்றும் தனித்தனியாக இமைத்தன. ஒரு பறவை கத்தவில்லை, ஒரு தவளை கத்தவில்லை. மேகத்துக்கு அடியில் சூரியன் ஒரு விரல்கடை எட்டிப் பார்த்தது. கைப்பிடிச் சுவரில் சைக்கிளின் நிழல் நீளமாக விழுந்து கூடவே வந்தது.

யுவராணி சுவரைப் பார்த்தாள். அவளுடைய நிழல். அதன் பின்னால் பெரியப்பாவின் நிழல், மீசையோடு. அதற்கும் பின்னால், கேரியரில் இடமே இல்லாத இடத்தில், கூந்தலை அவிழ்த்துவிட்ட இன்னொரு நிழல்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பாதையை மட்டும் பார்த்தாள்.

"ஆத்தா," என்றார் ஒச்சாண்டி, கண்ணைத் திறக்காமல். "ரொம்ப வேகமா மிதிக்கிற மாதிரி இருக்கே."

"நான் மிதிக்கல பெரியப்பா. நீங்க காலால தள்ளுறீகளா?"

"நான் காலை மடக்கி வச்சிருக்கேன்த்தா."

பானை ஒருமுறை "உம்" என்றது. யுவராணிக்குத் தெரிந்த எந்த உம்மும் இல்லை அது. கிட்டத்தட்டச் சிரிப்பு.

கோயிலில் கூட்டமில்லை. ஒச்சாண்டி பானையைத் தலையில் வைத்துக்கொண்டு உள்ளே நடந்தார். கால் ஒழுங்காக வந்தது. அம்மனுக்கு எதிரே இறக்கி வைத்ததும் வெளிச்சங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன, தூக்கம் வந்த குழந்தைக்குக் கண் செருகுவதுபோல. கடைசியாக விளிம்புக்கு அருகில் ஒரே ஒரு கண் மட்டும் திறந்திருந்தது. அது யுவராணியைப் பார்த்து ஒருமுறை மூடித் திறந்தது. பிறகு அதுவும் மூடிக்கொண்டது.

ஒச்சாண்டி அப்போதுதான் தன் கண்ணைத் திறந்தார். "வெறும் பானைதானே" என்றார்.

யுவராணி மண்டிக்குப் பறந்தாள். மேஸ்திரி இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார் என்று அப்பா சொன்னார், ஆனால் வாசலை விட்டு நகராமல் நின்றிருந்தார். அவர் அவசரமாகச் சாப்பிடச் சாப்பிட அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பெரியப்பா பெயரை மட்டும் சொல்லாமல், ஒரு மீசைக்காரர் என்றாள். அப்பா உம் கொட்டிக்கொண்டே வந்தவர், பாதியில் சோற்றை விழுங்கிவிட்டு நிமிர்ந்தார்.

"ஒச்சாண்டி அண்ணன் கடைசி வரைக்கும் கண்ணைத் தொறக்கவே இல்லையாத்தா?"

பிறகு அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த வாழைத்தார் சரிந்து விழுந்தது. என்னவோ ஏதோ என்று வெளியே வந்த மேஸ்திரியும் கதையைக் கேட்க நின்றுவிட்டார்.

சனிக்கிழமை காலையில் பாதையின் கதவு திறந்தே கிடந்தது. தான் ஒற்றை ஆளாகப் போய்ப் பானையை விரட்டிவிட்டதாக ஒச்சாண்டி டீக்கடையில் சொன்னார். மத்தியானத்துக்குள் பானையின் உயரம் ஏழடி ஆகிவிட்டது. அந்தப் பக்கமாகப் போன யுவராணியிடம், அப்படியா என்று பால்காரர் கேட்டார்.

"பெரியப்பா சொன்னாகன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

ஒச்சாண்டி டீயைக் குடிக்காமல் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். மறுநாள் அரை மூட்டை சிமெண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தனியாக மூன்றாவது கிலோமீட்டருக்குப் போனார். வாய்க்கால் பாலத்தின் படிகளை ஒட்டி, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சரிவாகப் பூசிவிட்டு வந்தார். யார் கேட்டாலும் சைக்கிளுக்கு என்றார்.

இப்போது யுவராணி பாலத்தில் இறங்கவே வேண்டியதில்லை. மேஸ்திரி கூப்பிடும் நேரம் மாறவில்லை, ஆனால் அவளுக்கு ஒரு நாளைக்கு அப்பா பன்னிரண்டு நிமிடம் கிடைக்கிறார்.

சத்தியம் செய்திருப்பதால் இதையும் சொல்லிவிட வேண்டும்: அந்த ஆற்றங்கரையில் இன்னும் பாதையே கிடையாது, அதைப் போடுவதற்கு வருகிற தை மாதம்தான் முதல் லோடு கல் இறக்குகிறார்கள்.